லைனில் ஓர் அம்மா

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள், நான் இன்னும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பேசி முடித்து வைத்த பிறகும் லைனில் கொஞ்ச நேரம் ஏதோ ஒன்று இருக்கும், ஓடி முடித்த ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி. இப்போது அது கிடையாது, சட்டென்று அறுந்துவிடுகிறது, ஆனாலும் காது பழக்கத்தில் காத்திருக்கிறது. ரெஹானா என்று பேர் சொன்னாள். சின்ன வயசு, தொண்டையில் பழைய சளி, தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடுகிற சின்ன அறை, பக்கத்தில் இன்னொருத்தி இதே மாதிரி இன்னொரு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். குரலைக் கேட்டால் அறை தெரிந்துவிடும் எனக்கு. சேலம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைக்கிற போர்டுக்கு முன்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். இது நோய்னு சொல்லலைம்மா, ஆராய்ச்சிதான் என்றாள். நீங்க டேப்லெட்ல என்ன தேடறீங்க, விரல் எங்க தயங்குது, கேட்டதையே எத்தனை தரம் கேட்கறீங்க, அதெல்லாம் வச்சு, மறதி நோய் வர்றதை டாக்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கறோம், உங்க கணக்குல கொஞ்ச நாளா ஒரு மாற்றம் தெரியுது. யார் கணக்குல? உங்க கணக்குலதாம்மா, சிகாமணி கமலவேணின்னு இருக்கே, சிகாமணி உங்க அப்பாவா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும்மா அவரு. ஓ, அவங்க பேரைச் சேர்த்து வச்சிருக்கீங்களா? பேரைச் சேர்த்து வைக்கலை, ஆளே சேர்ந்துதான் பார்க்கறோம், வீட்ல இருக்கறது ஒரு டேப், ஆளுக்கொண்ணு எதுக்கு? மின்விசிறி மட்டும் கேட்டது. ரெண்டு பேரா, என்றாள் மெதுவாக. எங்ககிட்ட ஒருத்தர்னுதாம்மா இருக்கு.

ஒருத்தர். எங்கள் பெண் எழில் செய்த வேலை. பெங்களூரிலிருந்து வந்தபோது டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசை மேல் நிறுத்தி, அப்பா பேரையும் அம்மா பேரையும் ஒட்டிப் போட்டுக் கணக்கு ஆரம்பித்தாள். அவள் சிநேகிதி யாரோ இந்த ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்று அதற்கும் சேர்த்து விட்டாள். கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று விரலால் தட்டிக்கொண்டே போனாள், படிக்கக்கூட இல்லை. சம்மதமா, சம்மதம். குரலைச் சேமிக்கலாமா, சேமிக்கலாம். இந்த மாற்றம் ஒருத்தரோடதாத்தான் இருக்கணும், யாருன்னு தெரிஞ்சாத்தான் டெஸ்டுக்குக் கூப்பிட முடியும் என்றாள் ரெஹானா. டேப்ல எங்க ஆராய்ச்சிச் செயலியைத் திறந்தா நீங்க தேடினது எல்லாம் வரும், எது உங்களுது, எது அவரோடதுன்னு பார்த்து வைங்க, கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன், ஆரம்பத்துலயே பிடிச்சா நல்லதும்மா. பிடிப்பது. திருடனைச் சொல்கிற மாதிரி. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், அதில் ஒருத்தரிடம் அது வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது, மூச்சு விடாமல். அவள் திரும்பக் கூப்பிடும்போது நான் ஒரு பேர் சொல்ல வேண்டும்.

அவர் இல்லை. மிக்சி ஜாரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், பிளேடு இறுகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், அந்த ஆராய்ச்சிக்காரங்க கூப்பிட்டா எடுக்காதே கமலா, நான் வந்து பேசிக்கறேன். இப்போதுதான் உறைக்கிறது. ஏன் எடுக்கக் கூடாது? அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை என்னிடமிருந்து மறைக்கிறார், பாவம், கல்யாணமான புதிதில் பீடி பிடித்ததை மறைத்த மாதிரி. வாயைக் கழுவிக்கொண்டு வந்து தூரமாக நின்று பேசுவார். நான் கண்டுகொள்ளாததுபோல இருப்பேன். இதையும் அப்படி இருந்துவிடலாம்தான். ஆனால் இது வாய் கழுவினால் போகிறதில்லை. ஒரு வாய் காபி குடித்தால் தேவலை என்று சமையலறைக்குப் போனேன், லைட்டரைக் காணோம். போன தடவை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். இதெங்க வந்துச்சு இங்க என்று கேட்டால் சிரிக்கிறார். அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற மனுஷனை என்னவென்று சொல்வது. சிலிண்டரில் ரெகுலேட்டர் மூடியிருக்கிறது. வெளியே போகும்போதெல்லாம் மூடிவிட்டுப் போகிறார், உள்ளே ஒருத்தி இருப்பதே மறந்துபோனதுபோல. மேடையில் இரண்டு கிண்ணத்தில் புளி ஊறுகிறது. ஒன்று நான் வைத்தது. அப்படியானால் இன்னொன்று அவர் வைத்தது. இரண்டிலும் தண்ணீர் ஒரே நிறம், இரண்டிலும் கொட்டையை எடுத்து ஓரமாக ஒதுக்கியிருக்கிறது, நான் ஒதுக்குகிற மாதிரியே. கூடவே இருந்து இருந்து கைப்பழக்கம்கூட வந்துவிட்டது போலிருக்கிறது. அப்புறம் அந்தத் தோடு. சின்ன வயதில் அம்மா எனக்குப் போட்டது, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கல், கல்லைச் சுற்றி முத்து மாதிரி பொடிப் பொடியாகத் தங்கம். பீரோ லாக்கரில்தான் இருந்தது. காணோமே என்றால், கொடுத்தாச்சே கமலா என்கிறார். யாருக்கு என்றால், வெயில் தாழ ஒரு நடை போய்ட்டு வரலாமா என்கிறார். எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டார், வைத்த இடம் ஞாபகம் இல்லை, கேட்டால் பேச்சு மாறுகிறது. இத்தனையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஒருத்தி ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது எனக்கு.

எனக்கு ஞாபகத்தில் குறை இல்லை. நம்பர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி, நகைக்கடை, பிரசவ ஆஸ்பத்திரி, கலெக்டர் பங்களா, கண்ணை மூடினால் போர்டு வந்துவிடும், வரிசை வரிசையாகத் துளை, எந்தத் துளைக்கு மேல் விளக்கு எரிந்தால் எந்தக் குரல் வரும் என்று கை முன்னாலேயே போகும். மண்டி வையாபுரி அங்கேதான் இருந்தார். மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போடுவார், வெல்ல விலை கேட்பார், வைப்பார். வைத்த கையோடு விளக்கு மறுபடி எரியும். அம்மிணி, மெட்ராஸு போடும்மா. இப்பத்தானேங்க பேசினீங்க? அப்படியா, சரி, போடு. பக்கத்து நாற்காலி லில்லிபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், வந்துட்டார்டி உன் மாப்பிள்ளை, கட்டிக்கோ, மெட்ராஸ்ல வெல்லம் என்ன விலைன்னு தினமும் சொல்லிட்டு இருக்கலாம். நாங்கள் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு அவர் பேச்சில் இருந்த இடைவெளி கேட்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே முதலில் ஒரு சின்ன சந்து, அப்புறம் ஒரு வாசல், அப்புறம் ஒரு ஆளே நுழைந்து போகிற அளவுக்கு. அவர் பிள்ளைகளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, அவர்பாட்டுக்கு மண்டியில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் விளக்கு எரிந்தது, நம்பர் ப்ளீஸ் என்றேன். அந்தப் பக்கம் மூச்சு. பிறகு, யாரு பேசறது? நீங்கதாங்க கூப்பிட்டீங்க. நானா? ஆமாங்க. நான் எங்கம்மா கூப்பிட்டேன், இங்க வேற யாரோ இருக்காங்க, அவங்களைக் கேளு. கேளு என்று சொல்லிவிட்டு ரிசீவரை யாருக்கோ கொடுக்கிற சத்தம் கேட்டது. வேறு யாரும் பேசவில்லை. அதே மூச்சுதான் மறுபடியும் வந்தது, ஆனால் புதிதாக லைனுக்கு வந்தவர் மாதிரி, நான் சொல்லப்போவதற்காகப் பணிவாகக் காத்திருந்தது. நான் துளையில் செருகியிருந்த வயரை உருவிவிட்டேன். அந்த மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

டேப்பைத் தொட்டால் முதலில் எழில் அனுப்பிய படம் வரும். எழில், மாப்பிள்ளை, பேரன் இளம்பரிதி, எழில் மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு. எழிலுக்கு ஒரே பையன். யார் வீட்டுப் பிள்ளையானாலும் இழுத்து மடியில் வைத்துக்கொள்வது அவளுக்குச் சின்னதிலிருந்தே பழக்கம். படத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்தச் செயலியைத் திறந்தேன். வரி வரியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, இத்தனையையுமா கேட்டோம்? மூட்டு வலிக்கு என்ன எண்ணெய், இது நான். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றிதழ், இது அவர், உயிரோடு இருக்கிறோம் என்று மின்சார வாரியத்துக்கு வருஷா வருஷம் சொல்ல வேண்டும். பழைய ரேடியோவுக்கு வால்வு கிடைக்கும் இடம், அவர். மருதாணி சிவக்க, நான். இது சுலபம்தான், இரண்டு பக்கமும் யார் என்று தெரிந்த ட்ரங்க் கால் மாதிரி. ரசம் வைப்பது எப்படி. இது அவர். நான் எழிலின் பிரசவத்துக்கு பெங்களூர் போனபோது தானாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார், இப்போது தினமும் அவர்தான் அடுப்படியில் நிற்கிறார், நீ உட்காரு கமலா என்று. இத்தனை வருஷம் ரசம் வைத்தவளா போய் ரசம் வைப்பது எப்படி என்று கேட்பாள்? கொஞ்சம் கீழே மறுபடியும் ரசம் வைப்பது எப்படி. அதற்குக் கீழேயும். ரசத்துக்குப் புளி ஊற வைத்தாச்சா. இதை யாராவது மெஷினிடம் கேட்பார்களா? இன்றைக்கு என்ன கிழமை. இன்றைக்கு என்ன கிழமை. அம்மா இருக்கிறாளா. யார் அம்மா? அவர் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. மனுஷன் நான் மத்தியானம் கண் அயர்கிற நேரத்தில் இந்தக் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தன் அம்மாவைத் தேடியிருக்கிறார். அப்புறம் இது. எழிலுக்கு எத்தனை குழந்தைங்க. கீழே, எழிலுக்கு எத்தனை குழந்தைங்க. இன்னும் கீழே. மெஷின் அதற்கு எழில் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறது, எழில் என்று பேர் வைத்த ஒரு ஜவுளிக்கடைக்கு வழி சொல்லியிருக்கிறது. பெற்ற பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்பதையே மறந்துபோய், என்னைக் கேட்க வெட்கப்பட்டு, கடைக்கு வழி சொல்கிற ஒன்றிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லிவிட வேண்டியதுதான். சிகாமணி என்று சொல்லிவிடுவேன். அவர் கோபித்துக்கொள்வார், நாலு நாள் பேச மாட்டார், பரவாயில்லை. ஆரம்பத்திலேயே பிடித்தால் நல்லது.

சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் இருந்தது. உயிர்வாழ் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டேன். ஓய்வூதியர்! உயிர்வாழ்! சான்றிதழ்! என்று அவர் குரல் மேசை மேலிருந்து கத்தியது, டெல்லிக்கு ட்ரங்க் கால் போட்டவர் மாதிரி. சிரித்துவிட்டேன். குரலையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை, இந்த ஊரில் குரல் பிரிக்கத் தெரிந்தவள் என்னைவிட யார்? எழிலுக்கு எத்தனை குழந்தைங்க. அதன் முக்கோணத்தைத் தொட்டேன். முதலில் எங்கள் கூடம் வந்தது. எங்கள் மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று ஒரு இடி. கீழ் வீட்டுக் குக்கர். தூரத்தில் அவர் இருமல். அப்புறம் ஒரு அம்மா பேசினாள். எழிலுக்கு எத்தனை குழந்தைங்க? வயசானவள், மரியாதைப்பட்டவள், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி வைத்துப் பேசுகிறாள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு வாசல். இந்தக் குரல் எனக்குத் தெரியாது. மறுபடி தொட்டேன். தெரியாது. மண்டியில் தேடினேன், ஆஸ்பத்திரியில் தேடினேன், போர்டு முழுக்க விளக்கு விளக்காகப் போய்ப் பார்த்தேன், எந்தத் துளையிலும் இந்தக் குரல் இல்லை. யார் இவள்? என் வீட்டுக்குள், என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, என் பெண்ணைப் பேர் சொல்லிக் கேட்கிறாள். நான் தூங்கும் நேரம் பார்த்து வருகிறாளா? இந்த வயசில் இவருக்கு இதுவேறயா என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன், லில்லிபுஷ்பம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் பதிவு அத்தோடு முடியவில்லை. அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்தது, எந்த அவசரமும் இல்லாமல், முதல் தடவை கேட்டதற்குச் சொல்கிற மாதிரி. ரெண்டும்மா. பெரியவன் இளம்பரிதி, சின்னவ வெண்பா. வா, காபி ஆறுது.

அப்பாடா என்று இருந்தது. பாரு, இரண்டு என்கிறார். இல்லாத குழந்தைக்குப் பேர்கூட வைத்திருக்கிறார், வெண்பாவாம். அவர்தான். சந்தேகமே இல்லை, அவர்தான். அடுத்த முக்கோணத்தைத் தொட்டேன். அதே அம்மா. அதே கேள்வி. மழைச் சத்தம், அது ஐப்பசியாக இருக்கும். ரெண்டும்மா. பெரியவன் இளம்பரிதி, சின்னவ வெண்பா. அதற்கடுத்தது, எங்கேயோ பட்டாசு, தாளிக்கிற சத்தம், அதே அம்மா, ரெண்டும்மா. குரலில் ஒரு இழை மாறவில்லை. மழைக்கும் பட்டாசுக்கும் நடுவே எத்தனை தரம் சொல்லியிருப்பார், அலுப்பே இல்லை. மறந்துபோனவன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்வானா? மண்டி வையாபுரி ஒரு தடவை சொன்னதை அடுத்த தடவை சொல்ல மாட்டார். கை தானாகப் படத்துக்குப் போனது. மஞ்சள் கவுன். விரலால் பெரிதாக்கினேன், எழில் சொல்லிக்கொடுத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, முன்பல் இல்லை. இன்னும் பெரிதாக்கினேன். காதில் ஒரு சிவப்புக் கல். கல்லைச் சுற்றி முத்து மாதிரி பொடிப் பொடியாகத் தங்கம். கொடுத்தாச்சே கமலா. மின்விசிறி தலைக்கு மேல் டக் டக் என்று இடித்துக்கொண்டிருந்தது, பதிவு ஓடுகிறதா நிஜமாகவே ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் ஊர்க் குரலெல்லாம் காதில் வந்து விழுந்தது, ஒன்று மட்டும் வந்ததே இல்லை. பேசுவோம், போய்விடும், எந்த லைனிலும் அது திரும்பி வராது. அதனால்தான் தெரியவில்லை. யாருக்கும் தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் தெரியாது, இது சகஜம், இது ஒன்றுமே இல்லை. அப்படித்தான் நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மழை நாளில் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேனா? எவ்வளவு உள்ளே போய்ப் பார்த்தாலும் அங்கே மழை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் யாரும் இல்லை.

கீழே கேட் சத்தம். அவர் படியேறி வருவது தெரியும் எனக்கு, வளைவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். வந்தார். ஜாரைத் தூக்கிக் காட்டினார், புது பிளேடு போட்டாச்சு, கடைக்காரன் உன்னை மாதிரியே திட்றான், ஐயா, அரிசியைப் போடச் சொன்னா கல்லைப் போட்டா அரைச்சீங்கன்னு. சட்டைப் பையில் லைட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அவரையே பார்த்தேன். என்ன கமலா, யாராவது கூப்பிட்டாங்களா? நான் வேறொன்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரிந்து, நானாகக் கேட்டேன். என்னங்க, எழிலுக்கு எத்தனை குழந்தைங்க? செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரெண்டும்மா, என்றார். பெரியவன் இளம்பரிதி, சின்னவ வெண்பா. இரு, காபி போடறேன். அதே இழை. அதே இடத்தில் அதே நிறுத்தம். மேசை மேலிருக்கிற டேப்பில் முக்கோணத்தைத் தொட்டுக் கேட்ட மாதிரியே இருந்தது.

அப்போது ஃபோன் அடித்தது. அவர் கை நீட்டினார், கொடு நான் பேசறேன் என்று, கொஞ்சம் வேகமாகவே வந்தார். நான் எடுத்துவிட்டேன். மின்விசிறி ஓடுகிற சின்ன அறை, தொண்டையில் சளி. ரெஹானா பேசறேம்மா, பார்த்தீங்களா, யாருன்னு தெரிஞ்சுதா? அவர் என் எதிரில் நின்றார், ஜாரை மார்போடு அணைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார், அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். தெரிஞ்சுதும்மா, என்றேன். அவர் இல்லை, ஒரு அம்மா. எந்த அம்மா, நீங்களாம்மா? முதுகு தானாக நிமிர்ந்தது, இடது கை காதோரம் போய் இல்லாத ஹெட்செட்டைச் சரிசெய்தது. லைன்லயே இருங்க, கொடுக்கறேன், என்றேன். ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடியும் காதில் வைத்தேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த அம்மா பேச ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தேன்.